பால் வாங்கப் போனவர்

இந்திரா நூயியின் பால் கதையை நான் முதலில் கேட்டது ஒரு மகளிர் தினக் கூட்டத்தில். ஆபீஸ் ஆடிட்டோரியம், மேடையில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். பலருக்குத் தெரிந்த கதைதான். பெப்சிகோவின் பிரசிடெண்ட் ஆகப்போகிறோம் என்ற தகவலோடு நூயி இரவு பத்து மணிவாக்கில் வீட்டுக்கு வருகிறார். மாடிப்படியில் அம்மா நிற்கிறார். நல்ல செய்தி இருக்கிறது என்கிறார் மகள். அது இருக்கட்டும், முதலில் போய் பால் வாங்கிக்கொண்டு வா என்கிறார் அம்மா. வாங்கி வந்து கோபத்தோடு வைத்தால், வெளியில் நீ யாராகவும் இரு, இந்த வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய், கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வா என்று புத்தி சொல்கிறார்.

அரங்கமே கைதட்டியது. நானும்தான். பேச்சாளர் இதை அடக்கத்தின் கதையாகச் சொன்னார். தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் நம்ம பொண்ணு நம்ம பொண்ணாவே இருக்கா பாருங்க, என்று.

பல வருடம் கழித்து, 2014இல் ஆஸ்பென் மாநாட்டில் நூயி பேசிய வீடியோவை முழுதாகப் பார்த்தேன். அவரே சொல்லும்போது கதையில் நம் மேடைகளில் வெட்டப்படும் இரண்டு வரிகள் இருக்கின்றன. கணவர் ராஜ் எப்போது வந்தார் என்று கேட்கிறார் மகள். எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவரை அனுப்பியிருக்கலாமே? அவர் களைப்பாக இருக்கிறார். சரி, வீட்டில் வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்களே? சொல்ல மறந்துவிட்டேன்.

இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் இது அடக்கத்தின் கதை இல்லை. ஒரு வீட்டில் வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதன் கதை. ஆணின் களைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. வேலையாட்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து மறைந்துவிடுகிறார்கள். கடைக்குப் போவது இரண்டு பெண்களுக்கு இடையிலான பிரச்சனையாகிவிடுகிறது.

இந்த உறுத்தலோடுதான் 2021இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான 'மை லைஃப் இன் ஃபுல்' நூலை எடுத்தேன். தொழிலதிபர்களின் தன்வரலாறுகளை நான் அதிகம் ரசிப்பவன் இல்லை. முன்முடிவு எடுத்துவிட்டு அதற்குத் தகுந்த சம்பவங்களை அடுக்குவார்கள். இந்த நூல் முதல் பகுதியில் அந்தப் பொறியில் விழவில்லை. 1955இல் பிறந்த ஒரு பெண் வளர்ந்த மெட்ராஸ் வீடு, ஓய்வுபெற்ற நீதிபதியான தாத்தா, பெண்களுக்கென்று இருந்த கூடம், அதில் ஆடிய பெரிய ஊஞ்சல் என்று காட்சிகள் நிதானமாக வருகின்றன. அம்மா சாந்தா கல்லூரிக்குப் போக வாய்க்காதவர். அவர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மகள்களைப் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் பேச வைத்து, யார் பேச்சு நன்றாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்கிறார். அதே அம்மாதான் பின்னால் கிரீடத்தைக் கழற்றச் சொல்கிறவரும். மகளைப் பேச வைத்ததும் அடக்கியதும் ஒரே ஆள் என்பதை நூயி மறைக்கவில்லை. அந்த இடத்தில் நூலுக்கு ஓர் இலக்கியத் தன்மை வருகிறது.

கிறித்தவக் கல்லூரி, ஐஐஎம் கல்கத்தா, 1978இல் யேல், அப்புறம் பாஸ்டன் கன்சல்டிங் குரூப். அப்பா புற்றுநோயில் படுத்தபோது அந்த நிறுவனம் ஆறு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்க முன்வந்தது. அந்த விடுப்பு கிடைத்திருக்காவிட்டால் வேலையையே விட்டிருப்பேன் என்ற அர்த்தத்தில் நூயி எழுதுகிறார். நூலின் அச்சாணி இதுதான் என்று நினைக்கிறேன். திறமை, உழைப்பு என்று எவ்வளவு அடுக்கினாலும், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் ஒரு குறிப்பிட்ட மனிதர் கொடுத்த லீவில்தான் எல்லாம் நின்றது. அமெரிக்காவில் 1993இல் வந்த கூட்டாட்சிச் சட்டம்கூட 12 வாரம் சம்பளமில்லா விடுப்பைத்தான் உறுதி செய்கிறது. நூலின் கடைசிப் பகுதி முழுக்க சம்பளத்தோடு கூடிய விடுப்பு, நேர நெகிழ்வு, குழந்தை பராமரிப்பு பற்றிய கொள்கைக் கட்டுரையாக மாறுவது அதனால்தான்.

அங்கேதான் நூல் இரண்டாகவும் பிளக்கிறது. முதல் மூன்று பகுதிகளில் 'நான்' ஜெயிக்கிறேன். கடைசிப் பகுதியில் 'நாம்' கொள்கை வகுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் தேவை. அந்தப் பாலத்துக்கான ஆட்கள் நூலில் இருக்கவே செய்கிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து முறைவைத்து வந்து தங்கிய உறவினர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லப்படுகிறது. அவர்கள் எதை நிறுத்திவிட்டு வந்தார்கள் என்பது மட்டும் கேட்கப்படவில்லை.

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் பொய். கேட்டது என் அம்மா.

எங்கள் ஊர் குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், உப்பனாற்றுப் பக்கம், சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஊர். ராத்திரி ஜன்னலைத் திறந்தால் வரும் நாற்றத்தை வைத்தே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடுவோம். 2004இல் இந்தப் பகுதி ஊர்க்காரர்களே வாளிகளில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அம்மா ஷிப்டு மாறும் நேரத்தை நம்பி ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருந்தார். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், நைட்டு முடித்து வருகிறவர்கள், எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள். கடனுக்குச் சாப்பிட்டு, சம்பள நாளில் கொடுப்பார்கள். மகளிர் சுயஉதவிக்குழுவுக்கு ஊக்குநரும் அவர்தான். 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். பேங்கில் மேனேஜர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

2019இல் எங்களுக்கு மகள் பிறந்தாள். மனைவியும் என்னைப் போலவே மென்பொருள்துறை. 2017 திருத்தச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு கிடைத்தது. அது முடியும் வாரத்தில் அம்மா சென்னைக்கு வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. 'அம்மா வந்துட்டாங்க' என்றுதான் நண்பர்களிடம் சொன்னேன். 2023இல் மனைவி டெலிவரி மேனேஜர் ஆனார். ஆபீசில் பாராட்டினார்கள், வீட்டில் கேக் வெட்டினோம்.

நூலைப் படித்துக்கொண்டிருந்த நாளில் அம்மாவிடம் பால் கதையைச் சொன்னேன். முதலில், "ஏன் தம்பி, அந்த ஊர்ல பால்காரரு வர்றதில்லையா?" என்று கேட்டார். சிரித்தேன். கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். அப்புறம், "அந்தப் பொண்ணோட அம்மா எந்த ஊரு? எத வுட்டுட்டு அங்க போயிருந்தாங்களாம்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு நூலைத் திரும்பப் படித்தபோது வேறு புத்தகமாக இருந்தது. மகளைப் பிரதமராகப் பேச வைத்த பெண் தன் சாப்பாட்டு மேசையை, தன் ஊரை, தன் தீர்ப்புச் சொல்லும் இடத்தை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டு மாடிப்படியில் பத்து மணிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கையில் மிச்சமிருந்த அதிகாரம் அந்த வீட்டின் ஒழுங்கு மட்டும்தான். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் ராஜஸ்தான் பெருங்குடும்பத்துப் பெண்களின் ஆட்சி இருட்டுச் சமையலறைச் சுவரோடு நின்றுவிடும். அதைக் காட்டும்போது அம்பை அந்தப் பெண்களைக் கேலி செய்வதில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் 'கிரீடத்தை வெளியே வை' என்ற சொல்லில் திமிரும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் எடுத்துவிட்டு நீதிபோதனையாக்கிவிட்டார்கள். நூயியும் தன் நூலில் அம்மாவின் பக்கம் நின்று அந்த இரவைப் பார்க்க முயலவில்லை.

பெப்சிகோ ஆண்டுகள் பற்றிய பகுதியில் எனக்கு இன்னொரு புகார் உண்டு. 2006 முதல் 2018 வரை அவர் தலைமைச் செயல் அதிகாரி. லாபத்தோடு நோக்கமும் வேண்டும், சர்க்கரையும் உப்பும் குறைய வேண்டும், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனத்தைத் திருப்ப முயன்றதை விரிவாக எழுதுகிறார். அந்த முயற்சியை நான் போலி என்று சொல்லமாட்டேன். முதலீட்டாளர்கள் முறைத்தபோதும் விடாமல் நின்றிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களில் பேசுவது மாநாட்டு அறையின் குரல். அதே ஆண்டுகளில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுப்பதற்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் விலக்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, அந்த மார்ச் முதல் பெப்சியும் கோக்கும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. அம்மா கடையிலும் கொஞ்ச நாள் அந்தப் பாட்டில்கள் இல்லை. சிப்காட் ஓரத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு நிறுவனத்தின் கதை ஆலைச் சுவருக்கு வெளியே இருந்தும் சொல்லப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும்.

2013 கம்பெனிகள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அது நாற்காலியை எண்ணுகிறது. நூயி கேட்கும் விடுப்பும் காப்பகமும் அதற்கு ஒரு படி கீழே இறங்கி, நாற்காலிக்கு வரும் வழியை எண்ணுகின்றன. அதனால்தான் குறைகளோடும் இந்த நூலைப் படிக்கச் சொல்கிறேன். தான் உயர்ந்தது தன்னால் மட்டுமில்லை என்று ஒப்புக்கொள்ளும் தொழில் தன்வரலாறுகள் குறைவு. இதற்கு அடுத்த படி, ஒருத்தி மேலே போக இன்னொருத்தி எதை மூடினாள் என்ற கணக்கு. அதை நூயி எழுதவில்லை. எங்கள் வீட்டில் நானும் எழுதவில்லை. களைப்பாக இருந்த ராஜின் இடத்தில் நாலு வருடம் நான் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் அவளைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் நாள் பிரித்து வைத்திருக்கிறோம். என் மூன்று நாட்களில் இரண்டு நாள் மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுந்து ஓடுகிறேன். ஒருமுறை மேனேஜர், "வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறேனே, நான்தான் அந்த யாரும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அம்மா போன மாதம் குடிகாட்டுக்குத் திரும்பிவிட்டார். பழைய இடத்தில் வேறொருவர் டிபன் கடை போட்டிருக்கிறார். குழுவுக்கும் புது ஊக்குநர் வந்தாயிற்று. கேட் பக்கம் வேறு இடம் பார்த்திருப்பதாகப் போனில் சொன்னார். முன்பணம் எவ்வளவு, நான் அனுப்புகிறேன் என்றேன்.

"நீ ஒண்ணும் அனுப்ப வேணாம். குழுவுல லோன் கேட்டிருக்கேன்" என்றார்.