பி.டி.பி.-8 வேடமிட்ட சிறு கணிப்பொறி

பகலில் ஏர் உழுகிறவர் இரவில் துரியோதனன் வேடம் கட்டி ஆடுவதைத் தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். விடியும்வரை நமக்கு அவர் துரியோதனன்தான். கணிப்பொறிகளிலும் இப்படி வேடம் கட்டுவது உண்டு. ஒரு கணிப்பொறியை இன்னொரு கணிப்பொறியாகவே நடந்துகொள்ளச் செய்யும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய பொறிக்காக எழுதப்பட்ட ஆணைகளை அது ஒவ்வொன்றாக வாங்கி, பழைய பொறி என்ன செய்திருக்குமோ அதையே செய்து காட்டுகிறது.

அப்படி வேடம் கட்டிய பொறி ஒன்றை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். வேடம் கட்டுவது, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெரி பை. 2012-இல் 35 டாலர் விலையில் வெளிவந்து, பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகுவோரிடையே பரவிய சிறு கணிப்பொறி இது. வேடமோ, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965-இல் சுமார் 18,000 டாலருக்கு விற்ற பி.டி.பி.-8. அதன் 1968-ஆம் ஆண்டு வடிவமான 8/ஐ-யின் முகப்புப் பலகையை விளக்குகளோடும் ஸ்விட்சுகளோடும் சிறிய அளவில் அப்படியே செய்து, ‘பைடிபி-8’ என்ற பெயரில் உதிரிப் பாகங்களாகத் தருகிறார் ஆஸ்கார் வெர்மியூலன் என்ற ஆர்வலர். பலகையின் பின்னால் ராஸ்ப்பெரி பை உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஓடுவது, டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் சப்னிக் 1993-இல் தொடங்கிய ‘சிம்எச்’ என்ற எமுலேட்டர்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூவரும் நானும் சேர்ந்து இதனைப் பூட்டினோம். ஏறத்தாழ 90 எல்.இ.டி.க்கள், 26 ஸ்விட்சுகள். சால்டரிங் செய்ய மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. இரண்டு விளக்குகளை நானே தலைகீழாக வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளை ஏற்றுவது சிரமமில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்பை மெமரி கார்டில் பதித்துச் செருகினால் போதும். மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் மினுமினுக்கும். திரையில் ஒரு புள்ளி தோன்றும். ‘ஓ.எஸ்.-8’ என்ற பழைய இயக்க முறைமை நம் கட்டளைக்குக் காத்திருப்பதன் அடையாளம் அந்தப் புள்ளி. பலர் இத்துடன் மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். என் முதல் குறை இங்கேதான். அந்தப் புள்ளியைப் பார்த்தவர் பி.டி.பி.-8-ஐப் பார்த்தவராக மாட்டார். கோயிலுக்குப் போய்க் கோபுர வாசலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பியவர் அவர்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பலகையில் உள்ள ஸ்விட்சுகளைக் கொண்டு வெற்றுப் பொறியைத் தேர்ந்தெடுங்கள். அதில் இயக்க முறைமை எதுவும் இராது; நினைவகம் காலி. பி.டி.பி.-8-இன் ஒரு சொல் 12 பிட்டுகள் கொண்டது. அதை மும்மூன்றாகப் பிரித்து எட்டடிமான எண்ணாகப் படிப்பார்கள். 0200 என்ற முகவரியிலிருந்து வரிசையாக 7300, 1205, 1206, 3207, 7402, 0002, 0003 என்ற ஏழு எண்களை ஸ்விட்சுகளால் உள்ளே இடுங்கள். முதலாவது, கூட்டல் விடை சேரும் திரட்டியைத் துடைக்கும். அடுத்த இரண்டும் 0205, 0206 முகவரிகளில் உள்ள எண்களைக் கூட்டும். நான்காவது விடையை 0207-இல் போடும். ஐந்தாவது பொறியை நிறுத்தும். கடைசி இரண்டும் நாம் கூட்டக் கொடுத்த எண்கள்.

ஓட்டிவிட்டு 0207-ஐத் திறந்து பாருங்கள்: பன்னிரண்டு விளக்குகளில் கடைசி மூன்றில் நடு விளக்கு அணைந்து, அதன் இருபக்கமும் எரியும். அதுதான் 5. இரண்டும் மூன்றும் ஐந்து என்று அறிய இத்தனை பாடா என்று கேட்கலாம். ஆனால் எண்ணும் ஆணையும் ஒரே நினைவகத்தில், ஒரே உருவில் கிடக்கின்றன என்பதை வகுப்பில் நான் பல ஆண்டுகளாக வாயால் சொல்லிவந்தேன். அன்றுதான் ஒரு மாணவி, ‘சார், 1205-ஐயே எடுத்துக் கூட்டச் சொன்னால் கூட்டிவிடுமா?’ என்று கேட்டார். கூட்டும் என்றேன். உடனே கூட்டிப் பார்த்துவிட்டார்.

இன்னொரு சிறப்பையும் பாராட்ட வேண்டும். மூலப் பொறியின் பலகையில் இருந்தவை இழை விளக்குகள். இழை சூடாகவும் ஆறவும் சிறிது நேரம் எடுக்கும். ஆகவே ஒரு பிட் விரைந்து மாறிக்கொண்டிருந்தால் அந்த விளக்கு பளிச்சென்று எரியாமலும் முற்றாக அணையாமலும் மங்கலாகக் கனன்றுகொண்டிருக்கும். எல்.இ.டி.க்கு இந்த வெப்ப மந்தம் கிடையாது. பைடிபி-8 மென்பொருளில் இழையின் இந்தத் தாமதத்தையும் கணக்கிட்டு எல்.இ.டி.யின் ஒளியை ஏற்றி இறக்கும் பகுதி உண்டு. இயற்பியல் படித்தவர்களுக்கு இதைப் பார்ப்பதே ஒரு விருந்து.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கட்டுப்பாடின்றி விட்டால் ராஸ்ப்பெரி பை மூலப் பொறியைவிடப் பல மடங்கு விரைவாக ஓடிவிடும். வேகத்தைக் குறைக்கும் வசதி சிம்எச்-இல் உண்டு, தயங்காமல் குறையுங்கள். அந்நாளில் பி.டி.பி.-8-உடன் இணைந்திருந்த டெலிடைப் வினாடிக்குப் பத்து எழுத்துகள்தான் படிக்கும். 4096 சொற்கள் கொண்ட நினைவகம் முழுவதையும், சொல்லுக்கு இரண்டு வரிசையாகத் துளைநாடாவிலிருந்து நிரப்ப 13 நிமிடங்களுக்கு மேலாகும். அந்தக் காத்திருப்பை அறியாதவர்க்கு, அக்காலத்தவர் ஒவ்வொரு சொல்லையும் ஏன் மிச்சம் பிடித்தார்கள் என்பது விளங்காது.

இனி, வேடம் கலைகிற இடத்துக்கு வருகிறேன். பலகையில் அருகருகே இரண்டு ஸ்விட்சுகள் உள்ளன. மூலப் பொறியில் ஒன்று, ஓர் ஆணை முடிந்ததும் நிறுத்தும். மற்றது, நினைவகத்தின் ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்தும். இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன கூட்டல் ஆணைக்கு இரண்டு சுற்றுகள் வேண்டும்: முதல் சுற்றில் ஆணை நினைவகத்திலிருந்து வரும், இரண்டாவதில் கூட்டவேண்டிய எண் வரும். சுற்று ஒன்றுக்கு 1.5 மைக்ரோவினாடி. ஏன் அவ்வளவு நேரம்? நினைவகம் சிறு சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையத்தைப் படிப்பதென்றால் அதைச் சுழியாக்க வேண்டும். அப்போது காந்தப் பாயம் பெரிதாக மாறி மின்துடிப்பு எழுந்தால் அங்கே 1 இருந்தது என்று பொருள். படித்ததுமே அது அழிந்துபோவதால் உடனே திரும்ப எழுத வேண்டும். படிப்பும் எழுத்தும் சேர்ந்ததே ஒரு சுற்று.

சிம்எச் இதையெல்லாம் செய்வதில்லை. அது ஆணை ஆணையாகத் தாவுகிறது. ஓர் ஆணையின் நடுவே நிற்க அதற்குத் தெரியாது. எனவே பிரதியில் இரண்டாவது ஸ்விட்சுக்கு அதன் பழைய வேலை இல்லை. விடையில் ஒரு பிட்கூடத் தவறாது என்பது உண்மை. ஆனால் பழைய பொறிகளை விடைக்காகவா இன்று இயக்குகிறோம்? ‘ஒரு கூட்டலுக்கு ஏன் சார் இரண்டு சுற்று?’ என்று ஒரு மாணவர் கேட்டபோது நான் அந்த ஸ்விட்சைக் காட்டி விளக்கப் போய், காட்ட முடியாமல் கரும்பலகைக்குத் திரும்பினேன். பதினெட்டாயிரம் டாலர் பொறியில் முடிந்தது இதில் முடியவில்லை. பிரதி செய்தவர்களை இதற்காகக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. பழைய நிரல்களைக் காப்பாற்றுவதே சிம்எச்-இன் முதல் நோக்கம். அதில் அது வென்றிருக்கிறது. வாங்குகிறவர்தான் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

பலகை வாங்க இயலாதவர்கள் சோர வேண்டாம். ராஸ்ப்பெரி பையில் சிம்எச்-ஐ மட்டும் நிறுவி, விசைப்பலகை வழியாகவே அந்த ஏழு எண்களையும் நினைவகத்தில் இட்டு ஓட்டலாம். விளக்குகள் இராது, பாடத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். செலவும் ராஸ்ப்பெரி பையோடு சரி.

கேள்வி கேட்ட மாணவர் இப்போது தாமே ஒரு பி.டி.பி.-8 எமுலேட்டரை எழுதிவருகிறார். மொத்தம் எட்டே வகை ஆணைகள் என்பதால் துணிந்துவிட்டார். ஒவ்வொரு ஆணையையும் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, நடுவே நிற்கும்படி அமைக்கிறார். கூட்டலும் தாவலும் ஒழுங்காக நடக்கின்றன. 0010 முதல் 0017 வரையுள்ள எட்டு முகவரிகளை மறைமுகமாகப் பயன்படுத்தும்போது அவற்றின் மதிப்பு தானாக ஒன்று கூட வேண்டும். அது எந்தச் சுற்றில் என்பதில்தான் போன வாரம் முழுவதும் எங்களுக்குள் தகராறு.