நினைவில்லமும் சமூக வரலாறும்

அறிஞர் ஒருவர் பிறந்த வீடு பொதுமக்களுக்கான காட்சியகமாக மாறும்போது அது வெறும் கட்டடமாக இருப்பதில்லை; ஒரு பனுவலாகிவிடுகிறது. இலக்கியத்தை நோக்குவது போலவே அதனையும் நோக்குதல் வேண்டும். அது எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்பனவே நம் வினாக்கள்.

காரைதீவிலே சுவாமி விபுலாநந்தர் (1892–1947) பிறந்த வீடு நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, யாழ்நூலை 1947 இல் வெளியிட்டவருக்கு இது தகும். ஆயினும் இத்தகைய நினைவில்லங்கள் பொதுவாகத் தனிமனித மகிமையோடு அமைந்துவிடுகின்றன. அம்மனிதரை உருவாக்கிய சமூகம் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

இக்கரையோரத்திலே வீடு என்பதன் பொருளே வேறு. இங்கு குடிவழி தாய்வழியாகச் செல்லும். வீடு மகளுக்குச் சீதனமாகச் சேரும். மணமகன் மனைவியின் வீட்டிலே வாழப் புகுவான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இவ்வழக்கத்தை அக்கரைப்பற்றிலே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்துள்ளார். எனவே, ஆண்மகன் ஒருவனின் பெயரால் பேணப்படும் வீட்டிலே பெண்வழி உடைமையின் வரலாறும் உறைந்துள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதனைக் கூறாத நினைவில்லம், இரு சமூகங்களையும் இணைக்கும் சான்றொன்றையும் இழந்துவிடுகிறது.

மற்றொன்று வர்க்கம் பற்றியது. போடியாரின் கல்வீடு தலைமுறைகள் தாண்டி நிற்கும். அவரது வயலிலே உழைத்தவனின் மண்சுவரும் கிடுகுக் கூரையும் சில மாரிகளுக்கே தாங்கும். பேணுவதற்கு எது எஞ்சியது என்பதையே உடைமையுறவு தீர்மானித்துவிடுகிறது. எஞ்சியதை மட்டும் வரலாறு எனக் கொள்ளுதல், உடைமையாளரின் வரலாற்றை அனைவரின் வரலாறாகக் கொள்ளுதலாகும்.

கொக்கலையிலே மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) பிறந்த வீடு இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. அவ்வீட்டைச் சூழ்ந்து அமைந்த நாட்டார் பண்பாட்டு அரும்பொருட்காட்சியகத்திலே உழவர், மீனவர் முதலியோரின் கருவிகள் இடம்பெறுகின்றன. எழுத்தாளரை அவரது மக்களிடமிருந்து பிரிக்காத இந்நோக்கு வரவேற்கத்தக்கது. ஆயின் கருவிகளைக் காட்டுதல் மட்டும் போதாது. கலப்பையைப் பிடித்தவனுக்கும் நிலத்தை உடைமையாகக் கொண்டவனுக்கும் இடையிலான உறவும் அங்கு விளக்கப்படுதல் வேண்டும். அன்றேல் உழைப்பு அழகுப்பொருளாகிவிடும்.

நமது பிரதேசத்திலே இப்பணி மேலும் கடினமானது. 1990 ஆம் ஆண்டு வன்செயலிலே வீரமுனை மக்கள் உறவுகளையும் வீடுகளையும் இழந்து இடம்பெயர்ந்தனர். அதே ஆகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை எனக் கரையோர ஊர்களின் வீடுகளை இன வேறுபாடின்றி அழித்தது. நினைவில்லமாக்குவதற்கு வீடே இல்லாதவர்களின் நினைவை எங்கே வைப்பது?

காரைதீவு நினைவில்லமே இதற்கு விடையின் தொடக்கமாகலாம். யாழ்நூலுக்கு அருகே மருதமுனைத் தறியும், சீதன உறுதியும், வயற்காரனின் உழைப்பும், எரிந்த மனைகளின் விபரமும் இடம்பெறுமாயின் விபுலாநந்தரின் பெருமை குறைவுபடாது. ஒரு குடும்பத்தின் வீடு அப்பொழுதே பொதுமக்களின் வீடாகும்.