‘சாங்!’ கவிதை நூலும் திணைச் சிக்கலும்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என வரலாற்றாய்வாளர் மதிப்பிடுவர். அவருள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் ஆவணங்களில் இல்லை. எஞ்சியவை கணக்கேடுகளும் காப்பீட்டு முறிகளும் வழக்குப் பதிவுகளுமே. மனிதரைப் பொருளாக்கிய மொழியைக் கொண்டே அம்மனிதரைப் பாட இயலுமா என்பது எம். நூர்பெசெ பிலிப்பின் ‘சாங்!’ (2008) என்னும் ஆங்கிலக் கவிதை நூல் எழுப்பும் வினா.

1781 நவம்பர் இறுதியில், லிவர்பூல் வணிகர்க்குரிய ‘சாங்’ என்னும் கப்பலில், குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை மாலுமிகள் கடலில் எறியத் தொடங்கினர். உரிமையாளர் தலைக்கு 30 பவுன் வீதம் காப்பீட்டுத் தொகை கோரினர். 1783இல் நடந்தது கொலை வழக்கன்று, காப்பீட்டு வழக்கு. ஜூரிகள் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தனர். பின்னர்த் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு இடமளித்தார். எனினும் கொலைக் குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

வழக்கறிஞராகவும் பணியாற்றிய பிலிப், இவ்வழக்கின் சுருக்கமான சட்ட அறிக்கையையே தம் சொற்கிடங்காகக் கொண்டார். அதன் சொற்களைப் பிரித்தும் உடைத்தும் பக்கமெங்கும் சிதறவிட்டார். உடைந்த துண்டுகளிலிருந்து யொரூபா முதலிய பிற மொழிச் சொற்களும் பிறக்கின்றன. முதற் பகுதியில், பக்கத்தின் அடியில் ஒரு கோட்டின் கீழ் ஆப்பிரிக்கப் பெயர்கள் நிரலாக வருகின்றன. இவை ஆவணம் தராத, கவிஞர் இட்ட பெயர்கள். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் அணியன்று. அது மூச்சு. 2021இல் இத்தாலிய மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, தம்மைக் கலவாமல் வெளியிட்டதையும் இவ்விடைவெளி அமைப்பு பேணப்படாததையும் சுட்டி ஆசிரியர் கடுமையாக எதிர்த்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இந்நூலைத் தமிழாக்க முனைவோர் வேறொரு சிக்கலையும் எதிர்கொள்வர். ஆங்கிலப் பன்மை வினைமுற்று திணை காட்டுவதில்லை. எறியப்பட்டது மனிதரா பண்டமா என்பதை வினை மறைத்துவிடுகிறது. சட்ட அறிக்கையின் அமைதியான நடைக்கு இம்மறைப்பு துணைநிற்கிறது. தமிழில் இது எளிதன்று. ‘எறியப்பட்டன’, ‘எறியப்பட்டனர்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எழுத்தளவில் இரண்டிற்கும் வேறுபாடு ‘ர்’ என்னும் ஓரெழுத்தே.

இழிப்பினால் திணை மயங்குவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கும். ஆனால் அங்கே பேசுவோனின் உணர்ச்சி வெளிப்படும். சட்ட அறிக்கையிலோ சினமுமில்லை, இகழ்ச்சியுமில்லை. மக்களைச் சரக்காகக் கொள்ளும் வழு அங்கே விதியாகவே நிற்கிறது. எனவே, இரக்கங் கருதி எங்கும் உயர்திணை முற்றையே இடுவது மூலத்தின் குற்றத்தைத் துடைத்துவிடும். எங்கும் அஃறிணையை இடுவது அக்குற்றத்திற்கு உடன்படுவதாகும். ‘எறியப்பட்டன’ என எழுதி, இடைவெளி விட்டு, ‘ர்’ என்பதைத் தனியே நிறுத்துவது நூலின் இயல்போடு பொருந்தும் ஒரு வழி எனலாம்.

நூலில் குறையும் உண்டு. சட்ட அறிக்கையும் ஆக்க முறை பற்றிய விளக்கமும் இறுதியிலேயே இடம்பெறுகின்றன. அவற்றைப் படியாத வாசகர்க்குப் பல பக்கங்கள் வெறும் எழுத்துச் சிதறலாகவே தோன்றக்கூடும். ஆயினும் இக்கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் உரிமையாளர்க்கே சென்றது. அடிமைப்பட்டோர்க்கு ஏதும் கிட்டவில்லை. அதற்கென வாங்கிய கடன் தொடர்பான பொறுப்பு முற்றும் தீர்ந்தது 2015இல்தான். கப்பலில் தொடங்கிய அஃறிணைக் கணக்கு அத்துணைக் காலம் ஏட்டில் இருந்தது. அக்கணக்கை மொழிபெயர்ப்பவர் ஓர் எழுத்தையும் எண்ணியே இடவேண்டும்.