முதல் கட்டா

கண்ணுக்குத் தெரியாத எதிரியுடன் இடும் சண்டைதான் கட்டா. தடுப்பு, குத்து, உதை, திருப்பம் எல்லாம் மாற்றக் கூடாத ஒரு வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். வகுத்த கோட்டின் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து, பெரும்பாலான கட்டாக்களில் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்க வேண்டும். கராத்தே கிளப்புகளில் பிள்ளைகள் பயிற்சியை ‘கட்டா’, ‘ஃபைட்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஃபைட் என்பது குமித்தே, நேருக்கு நேர் மோதுவது. போட்டி பார்க்க வரும் கூட்டம் ஃபைட் நடக்கும் மேட் விரிப்பைச் சுற்றித்தான் சேரும். ஆனால் கராத்தேயின் கலை முழுதும் வெளிப்படுவது கட்டாவில். அதிலும் எட்டு வயதுக் குழந்தை செய்யும் முதல் கட்டா தனி அழகு. தாவலும் அந்தரச் சுழற்சியும் அதில் இல்லாததால், உடம்பு கற்றதும் கல்லாததும் அப்படியே தெரிந்துவிடும்.

கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவில் அந்த முதல் கட்டாவுக்கு ஹெயான் ஷோதான் என்று பெயர். அது பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே உருவானது. கராத்தே பிறந்த ஒகினாவாவை உள்ளடக்கிய ரியூக்யூ நாட்டை ஜப்பான் 1879இல் தன்னோடு முழுமையாக இணைத்துக்கொண்டது. அந்த நாட்டின் தலைநகரான ஷுரியில் அரண்மனை எழுத்தராக இருந்த இதோசு அன்கோ (1831–1915), 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனார். அதுவரை ஆசான் ஒருவர் தாம் தேர்ந்துகொண்ட சில சீடர்களுக்கு மட்டும் சொல்லித்தந்த வித்தை அது. பழைய கட்டாக்களில் பல நீளமானவை. ஒன்றையே ஆண்டுக்கணக்கில் பழகுவார்கள். வகுப்பு நிறைய நிற்கும் பையன்களுக்கு அந்த முறை ஒத்துவராது. குசான்கு போன்ற பெரிய கட்டாக்களிலிருந்து கூறுகளை எடுத்து, எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லும் ஐந்து சிறு கட்டாக்களை இதோசு அமைத்தார். அவை பின்னான் கட்டாக்கள் எனப்பட்டன. உலகெங்கும் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே எண்ணிக்கைக்குக் கராத்தே செய்யும் காட்சிக்கு அந்தப் பள்ளிக்கூட மைதானமே பிறப்பிடம்.

இதோசுவிடம் பயின்ற ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். ஜப்பானின் பெருநிலத்தில் அது வேரூன்றியது அதற்குப் பிறகுதான். பின்னான் என்பதை எழுதும் அதே எழுத்துகளை அவர் ஜப்பானிய ஒலியில் ஹெயான் என்று வாசித்தார். அமைதி என்பது பொருள். இரண்டாவது பின்னான் முதலாவதைவிட எளிது என்று கண்டு, இரண்டையும் இடம் மாற்றினார். அதனால்தான் ஷோட்டோகான் கிளப்பில் சேர்ந்த பிள்ளையின் முதல் கட்டா, ஷிதோ-ரியு என்ற வேறு பிரிவின் கிளப் பிள்ளைக்கு இரண்டாவது பின்னானாக இருக்கிறது. இருவரும் ஒரே ஊர்ப் போட்டியில் சந்திக்கும்போது இந்த வேறுபாடு பெற்றோரைக் குழப்புவதுண்டு.

தமிழ்நாட்டு கிளப்புகளில் இந்த வித்தையைக் காஞ்சிபுரத்துப் போதிதர்மரிடமிருந்து தொடங்கிச் சொல்வார்கள். பெருமையோடு சொல்லப்படும் கதைதான். ஆனால் ஒகினாவாவின் கட்டாக்களை அவரோடு இணைக்கும் வரலாற்றுச் சான்று இல்லை. தென்சீனக் கரையோரத்தின் சண்டை முறைகளும் ஒகினாவாவின் உள்ளூர் வித்தையும் கலந்து உருவானது என்பது மட்டுமே உறுதி.

ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். நடந்த தடத்தைத் தரையில் வரைந்தால், மேலும் கீழும் கோடிட்ட ஆங்கில ‘ஐ’ எழுத்துப் போல இருக்கும். இடது பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓரடி முன்னே வைத்துக் குத்து என்று அது தொடங்குகிறது. நேர் பின்னே திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு; அங்கே நான்காவது அசைவாக முன்காலைப் பின்னுக்கு இழுத்து, முஷ்டியைச் சுத்தியல் போல மேலிருந்து இறக்கும் ஓர் அடி. எதிரி பிடித்துக்கொண்ட மணிக்கட்டை விடுவிக்கும் அசைவு அது. பொருள் புரிந்த பிள்ளை உடம்போடு சேர்த்துக் கையைப் பிடுங்கும். புரியாத பிள்ளை கையை மட்டும் வட்டமாக வீசும். பிறகு நடுக்கோட்டில் மூன்று மேல்தடுப்புகள், மூன்றாவதில் ‘கியாய்’ என்ற முழக்கம். திரும்பி வரும் வழியில் மூன்று குத்துகள், அங்கும் மூன்றாவதில் முழக்கம். கடைசி நான்கும் விரித்த கையின் விளிம்பால் தடுக்கும் ஷுதோ. அதுவரை முன்காலில் இருந்த எடை அந்த நான்கிலும் பின்காலுக்கு மாறுகிறது. களைத்திருக்கும் நேரத்தில் கடினமான நிலையை வைத்திருப்பது இந்தக் கட்டாவின் நுட்பம்.

இதைப் பார்க்கத் தெரிந்தவர் கையைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். முன்முட்டி மடங்கிப் பின்கால் நீண்டு நிற்கும் ஜென்குட்சு-தாச்சியில் பின்குதிகால் தரையிலிருந்து எழும்பினால் குத்தில் வலு இல்லை. அந்த வலு தரையிலிருந்து குதிகால், இடுப்பு, தோள் வழியாக முஷ்டிக்கு வருவது. அடுத்தது தலையின் உயரம். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தலை ஏறி இறங்கினால் இடுப்பு இன்னும் படியவில்லை என்று பொருள். பரதநாட்டிய வகுப்பில் அரைமண்டி குலையாமல் அடவு செய்யச் சொல்லும் ஆசிரியரும் கராத்தே மாஸ்டரும் திருத்துவது ஒரே பிழையைத்தான். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பித் தாழ்ந்து நிற்கும் ஷிகோ-தாச்சியைப் பார்க்கும் தமிழ் ரசிகருக்கு அரைமண்டி நினைவுக்கு வரும்.

குத்தும் கைக்கு இணையாக இன்னொரு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். ஹிகிதே எனப்படும் அந்தக் கை சற்றே தொங்கிப்போவது எல்லாப் பிள்ளைகளிடமும் காணும் குறை. திரும்பும்போது கண் முதலில் போக வேண்டும், உடம்பு பிறகு. எதிரி அங்கே இருக்கிறான் என்று நம்பும் பிள்ளைக்குத்தான் கண் முந்தும். முழக்கத்துக்குப் பின் வரும் முக்கால் வட்டத் திருப்பம் இந்தக் கட்டாவின் சோதனைக் களம். தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இவை எல்லாம் அளக்கக்கூடியவை. அளக்க முடியாதது அசைவின் முடிவு. தளர்வாகக் கிளம்பும் கை, இலக்கைத் தொடும் கணத்தில் மட்டும் முழு உடம்போடும் இறுகி, உடனே தளர வேண்டும். கிமே என்பார்கள். தொடக்கம் முதலே இறுக்கிக்கொண்டு வரும் குத்து பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். உண்மையில் அது மெதுவானது. நல்ல கிமேயில் யூனிபார்மின் கெட்டித் துணி தானாக ‘பட்’டென்று ஒலிக்கும். அந்த ஒலிக்காகக் கையால் துணியில் தட்டுவதும், காலை உதைத்துச் சத்தம் எழுப்புவதும், மூச்சை மிகைப்படுத்தி விடுவதும் உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிகளில் குற்றம். பெல்ட் அவிழ்ந்து விழுந்தால் தகுதியே போய்விடும். மேட் விரிப்புக்குப் போகும் முன் பிள்ளைகள் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது இதனால்தான்.

ஹெயானுக்கு மேலே போகப் போகக் கட்டாக்களின் குணம் விரிகிறது. ஒகினாவாவின் நாஹா ஊரின் வழியில் வந்த கோஜு-ரியு பிரிவின் சான்சின் கட்டாவில் சில அடிகள்தான் இருக்கும். மூச்சும் இறுக்கமும் மட்டுமே வைத்து நடக்கும் அது, புதிதாகப் பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போலத் தோன்றும். உன்சு என்ற கட்டாவில் அந்தரத்தில் சுழலும் தாவல் உண்டு. கன்காக்குவில் பாறை மேல் கொக்கு நிற்பது போல ஒற்றைக் காலில் நின்று எதிரியைச் சந்திக்க வேண்டும். இளம் போட்டியாளர்கள் உன்சுவுக்கு ஆசைப்படுவது இயல்பு. அடிநிலை படியாத பிள்ளைக்கு அதைக் கொடுப்பது மாஸ்டர் செய்யும் பிழை. தாவி இறங்கும் இடத்தில் கால் பொய் சொல்லாது.

கட்டா எந்த உயரத்துக்குப் போகும் என்பதை 2021 ஆகஸ்டில் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நடந்த ஒலிம்பிக் போட்டி காட்டியது. நடுவர்கள் ஏழு பேர். நுட்பத்துக்கு 70 விழுக்காடு, வேகம், வலு, சமநிலை ஆகியவற்றுக்கு 30 விழுக்காடு. பெண்கள் இறுதியில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸும் ஜப்பானின் ஷிமிசு கியோவும் ஒரே கட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள்: சாத்தான்யாரா குசான்கு. பள்ளிப் பிள்ளைகளுக்காக இதோசு கூறுகளை எடுத்த அதே குசான்கு குடும்பத்தைச் சேர்ந்தது அது. 39 வயது சான்செஸ் 28.06 பெற்றார், ஷிமிசு 27.88. ஒரே அசைவுகளை இரு உடம்புகள் சொன்னபோது தெரிந்த வேறுபாடு அந்த 0.18. ஆண்களில் ஒகினாவாவின் கியுனா ரியோ, ரியுயே-ரியு பிரிவின் ஓஹான் தாய் கட்டாவைச் செய்து 28.72 பெற்றுத் தங்கம் வென்றார். ஒகினாவாவில் பிறந்த ஒருவருக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது அதுவே முதல்முறை. அவருடைய ஒவ்வொரு நிலையிலும் ஹெயான் சொல்லித்தரும் குதிகாலும் இடுப்பும் இருந்தன.

குமித்தேயின் கணக்கு எளிது. கையால் அடித்தால் யூகோ, 1 புள்ளி; நடு உடம்பில் உதை வசா-அரி, 2; தலைக்கு உதை இப்போன், 3. எட்டுப் புள்ளி முந்தினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அடி இலக்கை நெருங்கி நின்றுவிட வேண்டும். சிறுவர் பிரிவுகளில் முஷ்டி முகத்தில் பட்டால் கிடைப்பது புள்ளி அல்ல, எச்சரிக்கை. பெரியவர்களிலும் கட்டுப்பாட்டை இழந்தவர் தோற்பார். டோக்கியோவில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதியில் 4–1 என்று முன்னிலையில் இருந்த சவூதி அரேபியாவின் தாரெக் ஹாமெதி, தலைக்கு விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதே மயங்கி விழுந்ததால் தகுதி இழந்தார். விழுந்தவருக்குத் தங்கம் போயிற்று. பலருக்கு அது அநியாயமாகப் பட்டது; கராத்தேயின் இலக்கணப்படி அது சரி. நிறுத்தத் தெரிந்த உதைக்கே இங்கே மதிப்பு, அந்த நிறுத்தலைக் கற்றுத்தருவதும் கட்டாதான்.

தமிழ்நாட்டின் சிற்றூர் கிளப்புகளுக்குப் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், மொட்டை மாடி, பூங்கா என்று கிடைத்த இடத்தில் மாலை வகுப்பு நடக்கும். வாசலில் செருப்பு வரிசையாக இருக்கும். ‘இச், நி, சான், ஷி, கோ’ என்று ஜப்பானிய எண்ணிக்கைக்குக் குத்து விடும் பிள்ளைகள், அசைவின் குறையைத் தமிழில் கேட்டுக்கொள்கிறார்கள். ஓடு உடைப்பதும் பைக் கையின் மேல் ஏறுவதும் ஆண்டுவிழாவில் கைதட்டல் வாங்கும். கலைக்கு அவற்றால் பயன் இல்லை. ஒரு கிளப்பின் தரத்தை அறிய, கருப்பு பெல்ட்டுகளை எண்ண வேண்டாம். அங்கே பிரவுன் பெல்ட் வாங்கிய பிள்ளை இன்னும் ஹெயான் ஷோதானைச் செய்கிறதா, செய்தால் அது வெள்ளை பெல்ட்டின் ஹெயானிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் காலை முதல் காத்திருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். நடுவர்களின் சிவப்பு, நீலக் கொடிகள் எந்தப் பக்கம் எழும் என்பதிலேயே பெற்றோரின் கண் இருக்கும். 21ஆவது அசைவு முடிந்ததும் பிள்ளை ஒரு கணம் அசையாமல் நிற்கும். எதிரி விழுந்த பின்னும் விழிப்புக் குலையாத அந்த நிலைக்கு சான்ஷின் என்று பெயர்; அதுவும் கட்டாவின் பகுதி. பிள்ளை காலைச் சேர்த்து, குனிந்து வணங்கி, தலை நிமிரும் வரை கைதட்டாமல் காத்திருங்கள்.