பதின்மூன்று இலக்கமும் ஒரு படிக்கட்டும்

6746328388800. வாய்விட்டுப் படித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. படித்து முடித்தாலும் இந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பெரிய எண்ணை ரசிக்க அதை உடைத்துப் பார்க்க வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டினால் 63. எனவே 9-ஆல் வகுபடும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒருபுறம் 37, மறுபுறம் 26. வித்தியாசம் 11 என்பதால் 11-ஆலும் வகுபடும். இப்படியே பிரித்துக்கொண்டு போனால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 தலா ஒன்று. 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29-இல்தான் முதன்முதலாக மீதி வருகிறது.

இப்போது அடுக்குகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது அல்லவா? ரசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள். இப்படி எல்லாவற்றையும் பெருக்கினால் 10080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இத்தகையவை மிகு பகு எண்கள்.

படியை மாற்றிப் பாருங்கள். 2-க்கு நான்கு, 3-க்கு ஆறு என்று வைத்தால் காரணிகள் அதே 10080தான். ஆனால் எண் இரண்டேகால் மடங்கு ஊதிவிடும். அதனால்தான் வரிசை ஏறவே முடியாது. கடைசிப் படி எப்போதும் 1தான். 4, 36 இரண்டும் மட்டும் விலக்கு. இவற்றை நிறுவியவர் ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த அவரது நீண்ட கட்டுரையில் 102 மிகு பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. நம் எண் அதில் கடைசி. கணினி இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த அட்டவணையில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் நம் எண்ணே வந்துவிடும்! எனக்கென்னவோ விட்டுப்போன அந்த எண்ணின் மேல்தான் பிரியம் அதிகம். காரணம் இருக்கிறது. கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள்; 10080 தானும் மிகு பகு எண், அதற்கு 72 காரணிகள். ஆனால் 72-க்கு உள்ள 12 காரணிகள் அதைவிடச் சிறிய 60-க்கே உண்டு. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. விட்டுப்போன எண்ணுக்கோ காரணிகள் 5040. 5040-க்கு 60, 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. அத்தனையும் மிகு பகு எண்கள். 4-க்கு 3 காரணிகள் என்று வரும்போதுதான் இந்தச் சங்கிலி நிற்கிறது.