வீட்டு முற்றத்தில் மோரிஸ் மைனர்

மலேசியாவின் பினாங்குத் தீவில், தென்கிழக்கு மூலையிலுள்ள பாயான் லெப்பாஸில், 1972ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வலயம் தோன்றிய நாள் முதலாக, மயிரிழையினும் நுண்ணிய அளவுகளை அளந்து பார்த்துப் பிழைக்கும் ஒரு தொழிலாளர் வர்க்கம் வளர்ந்து வந்திருக்கிறது. இன்டெல், ஹியூலெட்-பேக்கார்ட், பாஷ், கிளாரியன் முதலிய கம்பெனிகள் வேரூன்றிய அந்த மண்ணில், வாரமெல்லாம் யந்திரங்களோடு பழகிய கைகள் ஓய்வு நாளில் தாமான் எனப்படும் குடியிருப்பு வீட்டின் கார்க்கொட்டகையில் மோரிஸ் மைனர் என்னும் பழங்காரின் முன்பகுதியை அவிழ்த்துப் பரப்பி வைத்திருப்பது விசித்திரமான காட்சியன்று. தோட்டத்துக் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ ஆஸ்பத்திரி டிரசராகவோ உத்தியோகம் பார்த்த தந்தையார் வாங்கிய வண்டியாக அது இருக்கும்; மகன் அதை விற்க மனமின்றி வைத்திருப்பார்; வைத்திருப்பவர் என்றேனும் ஒருநாள் சக்கரங்களைத் தாங்கும் அதன் முன் சஸ்பென்ஷனை ‘அப்கிரேட்’ செய்யத் தொடங்குவார். பழங்கார் அபிமானிகளிடையே ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்ட இவ்வழக்கத்தில் போற்றத்தக்கது நிறைய உண்டு. ஆயினும், இதன் பெயரால் செய்யப்படும் வேலைகளுள் மிகப் பிரபலமானது எதுவோ அது, அந்த வண்டியின் மிக அபாயகரமான உறுப்பைத் தொடுவதேயில்லை என்பது என் அபிப்பிராயம்.

மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஸ்மிர்னா நகரில் 1906இல் பிறந்து, பிற்காலத்தில் மினி காரையும் படைத்துப் புகழெய்திய அலெக் இஸிகோனிஸ் அதன் கர்த்தா. விலை குறைந்த சிறு கார்களில் பல, முன்புறத்திலும் ஒற்றை அச்சையும் பட்டை வில்லையும் நம்பியிருந்த காலத்தில், இரு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் ஏற்பாட்டையும், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கையும் அவர் இவ்வண்டிக்கு அளித்தார். உற்பத்தி தொடங்கும் தறுவாயில் மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் என்பது பிரசித்தமான செய்தி. அந்த நான்கு அங்குலம் பானெட்டின் நடுவே ஒரு மேடாக இன்றும் காணக்கிடைக்கிறது. மூலகர்த்தாவே தம் சிருஷ்டியை அறுத்துத் திருத்தியிருக்க, நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் அவர் அறுத்தபோது வண்டியின் சகல பாகங்களும் அவருடைய மேஜைமேல் இருந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இந்தியாவில் இதே மைனர் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓடிற்று. 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடரின் மூலமாகிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் முன்சக்கரங்களில் இதே தத்துவத்தையே கையாண்டது. ஆகையால் இங்கே சொல்லப்படுபவற்றுள் பெரும்பகுதி தமிழ்நாட்டு வாசகருக்கும் அந்நியமன்று.

மைனரின் முன்புறத்தில் சுருள் வில் கிடையாது. சக்கரத்தை உடற்கூட்டோடு இணைக்கும் கீழ்க்கையின் உள்முனையிலிருந்து தரைத்தகட்டுக்கு அடியில் பின்னோக்கி ஓடும் எஃகுக் கம்பியொன்று, பின்முனையில் குறுக்குச் சட்டத்தோடு அசையாதபடி பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் மேடேறும்போது அக்கம்பி பிழியப்படும் ஈரத்துணி போல முறுக்குண்டு, பின் தன்னிலை மீண்டு, சக்கரத்தைத் தரையில் அழுத்தும். டார்ஷன் பார் எனப்படுவது இதுவே. மேற்கை என்று தனியாக ஒன்றில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனியின் நெம்புகோல் அப்சார்பர் ஒன்று உள்ளே எண்ணெயை நுண்துளை வழியே தள்ளி ஆட்டத்தை அடக்க, அதன் வெளிக்கையே மேற்கையாகவும் பணிபுரிகிறது. இரு கைகளுக்கும் இடையே செங்குத்தாக நின்று சக்கரத்தைத் தாங்குவது கிங் பின். அதன் முனைகளில் மரை வெட்டப்பட்டிருக்கும். ட்ரன்னியன் எனப்படும் உலோகக் கட்டைகள் அம்மரையில் ஏறி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழல்கிறது. வண்டியின் பாரமும் அந்த மரையின் மீதே தங்குகிறது.

குறை இருக்குமிடமும் இந்த மரையே. கம்பெனியார் ஆயிரம் மைலுக்கொரு முறை அங்கே கிரீஸ் ஏற்றும்படி விதித்தார்கள். விதி பின்பற்றப்பட்டவரை ட்ரன்னியன் பல்லாண்டு உழைத்தது. வண்டி நாள்தோறும் பிழைப்புக்கு ஓடிய காலத்தில் பட்டறைக்காரன் கிரீஸ் துப்பாக்கியும் கையுமாக எதிர்ப்பட்டுக்கொண்டேயிருந்தான். இன்று வண்டி மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓடுகிறது. ஆயிரம் மைல் ஆவதற்கு ஆண்டொன்று கழிகிறது. அதற்குள் கடற்காற்றின் உப்பும் பருவமழையின் ஈரமும் மரைக்குள் புகுந்து அரிக்கின்றன. தேய்ந்த மரை முன்னறிவிப்புத் தருவது அருமை. பெரும்பாலும் வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுமையாகத் திருப்பும் வேளையில் கிங் பின் ட்ரன்னியனை விட்டுப் பிடுங்கிக்கொள்ள, சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் சாய்கிறது. மெதுவாகச் செல்கையில் நேர்ந்தால் தகரச் சேதத்தோடு போகும், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில் நேர்ந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. (சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் கீழே ட்ரன்னியன் உண்டு, அது கேட்பதோ கிரீஸன்று, கியர் எண்ணெய். மைனரில் பழகிய கை அங்கும் கிரீஸை ஏற்றிவிட்டால் மரை வறண்டு கிங் பின்னே முறிந்துபோகும். ஒரு வண்டியின் வேதம் மற்றொரு வண்டிக்குச் செல்லாது.)

இனி மேம்பாட்டுக்கு வருவோம். பல அபிமானிகள் முதலில் வாங்குவது, நெம்புகோல் அப்சார்பரின் வேலையைத் தற்கால நீள்குழாய் அப்சார்பரிடம் ஒப்படைக்கும் ‘கிட்’. கீழ்க்கையில் ஒரு தாங்கியும் மேலே உடற்கூட்டில் ஒரு தாங்கியும் பொருத்தி, இரண்டுக்கும் இடையே குழாயை நிறுத்துகிறார்கள். இதன் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. எண்ணெய் கசிந்து உலர்ந்துபோன பழைய அப்சார்பரோடு ஆடிக்கொண்டிருந்த வண்டி, அன்று மாலையே அடங்கி ஓடும்; செலவும் உழைப்பும் வீணாகவில்லை என்ற திருப்தி உடனே கிட்டும். ஆனால் அந்தத் திருப்தியைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். செத்த அப்சார்பருக்குப் பதில் உயிருள்ள எதைப் பூட்டினாலும் வண்டி அடங்கும். சரியாகப் புதுப்பித்து எண்ணெய் நிரப்பிய நெம்புகோல் அப்சார்பரும் ஏறக்குறைய அவ்வளவையும் செய்திருக்கும், எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை முன்புறத்தில் நெம்புகோல் அப்சார்பரோடேயே ஓடிற்று என்பதை எண்ணினால், அந்தக் கருவி இயல்பிலேயே இழிந்ததென்று ஒருவரும் சொல்லார். மேலும், கிட் பூட்டிய பின்னும் பழைய அப்சார்பர் அகல்வதில்லை. அதன் கைதான் மேற்கை. உள்ளே தேய்ந்த அதன் தாங்குருளை தேய்ந்தபடியே நிற்கிறது. ட்ரன்னியனும் நின்றபடியே நிற்கிறது. வண்டி முன்னைக்காட்டிலும் பத்திரமாக இருப்பதாக ஓட்டுபவர் உணர்கிறார். உணர்வு பெருகிய அளவுக்குப் பத்திரம் பெருகவில்லை. அடங்கி ஓடும் வண்டியை வேகமாக ஓட்டத் தோன்றும் என்பதால், அபாயம் சிறிது வளர்ந்துவிட்டதென்றும் வாதிக்கலாம்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. அப்சார்பர் அடக்கும் விசை எங்கேனும் ஒரு தகட்டில் சென்று தங்க வேண்டும். மூலகர்த்தா அதைப் பருத்த நான்கு போல்ட்டுகளின் வழியே, அதற்கென வலுப்படுத்திய இடத்துக்கு அனுப்பினார். புதிய கிட்டோ, நல்லதாயின் வலுவான சட்டத்தையும், மலிவானதாயின் அருகில் அகப்பட்ட மெல்லிய தகட்டையும் நாடுகிறது. அறுபது, எழுபது ஆண்டு துருவைப் பெயிண்டின் அடியில் மறைத்திருக்கும் தகட்டில் இப்புதிய குத்து நாள்தோறும் விழுமானால், போல்ட் துளையைச் சுற்றி வெடிப்புக் காண்பது காலத்தின் பிரச்சினை மாத்திரமே. முறுக்குக் கம்பியின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எந்நிலையில் உள்ளதென்று பாராமல் முன்புறத்தில் பணம் இறைப்பவர்களை என்னென்பது! வண்டியின் முன்பாரம் முழுவதும் முறுக்காக மாறிச் சேருமிடம் அதுதான். இந்த மாடலில் துரு முதலில் தின்னும் இடங்களுள் ஒன்றும் அதுவே.

பருத்த முறுக்குக் கம்பி பூட்டுவோரும், வண்டியைத் தாழ்த்துவோரும் வேறொரு வகுப்பு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்துச் சதவிகிதம் கூட்டினால் விறைப்பு நாற்பத்தாறு சதவிகிதம் கூடிவிடுகிறது. ‘சற்றே தடித்த’ கம்பி என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தைக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. தாழ்த்துவதோ, கம்பியின் பல்லை இரண்டொரு இடம் நகர்த்திப் பூட்டினால் முடிகிற காரியம். அதனாலேயே அது ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் ஸ்டீயரிங் தண்டும் கீழ்க்கையும் வரையும் வட்டவில்கள் மூல உயரத்தில்தான் ஒன்றோடொன்று இசைவன. தாழ்த்திய வண்டி மேடேறும்போது சக்கரம் தானாகவே சிறிது திரும்பும். தெலுக் கும்பாரிலிருந்து பாலிக் புலாவுக்குச் செல்லும் மலைச்சாலையின் வளைவுகளில், ஓட்டுபவர் திருப்பாத திசைக்கு வண்டி எட்டிப்பார்ப்பது எவருக்கும் இன்பமளிக்காது. காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு இது அழகு. ஓடும் வண்டிக்கு உபத்திரவம்.

டிஸ்க் பிரேக் விஷயத்தில் என் மனம் இளகுகிறது. 1971இல் வந்த மோரிஸ் மரீனா, மைனரின் முறுக்குக் கம்பித் தத்துவத்தையே தழுவியிருந்தமையால், அதன் பாகங்களை மைனரில் ஏற்றுவது இயற்கைக்கு மாறான ஒட்டாகாது. பிரேக் விரைவில் சூடேறும் இந்த நாட்டில் பயனும் கண்கூடு. ஒன்றைமட்டும் மறக்கலாகாது: டிரம் பிரேக்குக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு உண்டு; அதை அகற்றாமல் டிஸ்க்கைப் பூட்டினால் பிரேக் உராய்ந்தபடியே ஓடும்.

இவ்வேலையைப் பட்டறையில் விடாமல் வீட்டில் செய்வதில் உள்ள சிறப்பு, கால தாராளம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறை, துருவேறிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருக்காது, சுத்தியலை எடுக்கும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தொங்கும்போதே இறுக்கிவிடும். சொந்தக்காரரோ வண்டியைச் சக்கரத்தின்மேல் இறக்கி, பாரம் ஏறியபின் இறுக்குவார். அந்த ஒரு வித்தியாசத்தால் ரப்பர் முறுக்குண்டு கிழியாமல் பன்மடங்கு உழைக்கும். ட்ரன்னியன் மரை வலப்பக்கத்துக்கு ஒருவிதம், இடப்பக்கத்துக்கு ஒருவிதம் என்பதையும், அதை முழுதும் ஏற்றிப் பின் சிறிது தளர்த்தினால்தான் சக்கரம் இரு பக்கமும் தடையின்றித் திரும்பும் என்பதையும் தம் கையால் கற்றவர், அப்புறம் கிரீஸை மறப்பதில்லை. இத்தகைய ஞானத்துக்காகவே இவ்வழக்கம் நீடிக்கலாம் என்பேன்.

வீட்டில் இல்லாதது சாட்சி. சரிவான கொட்டகைத் தரையில், வழுக்கும் ஓட்டின்மேல், ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மாத்திரம் நம்பிப் படுத்திருப்பவரைத் தடுக்க அங்கே ஆளில்லை. முறுக்கிய கம்பியின் வலுவை ஜாக்கியால் மெல்ல இறக்காமல் பின்னை உருவப் பார்ப்பவரையும் தடுக்க ஆளில்லை. சர்க்காரும் தொலைவிலேயே நிற்கிறது. சொந்த உபயோகத்துக்கான காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் கட்டாயம் மலேசியாவில் இல்லை. கைமாறும் வேளையில்தான் அது பரிசோதனை நிலையத்தின் வாயிலைக் காண்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் கொட்டகைக்குள் நடந்த மாற்றத்தை அது அறிவது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகே. பிரிட்டனில் 2018 முதல் நாற்பதாண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் சஸ்பென்ஷனின் வகையையோ முறையையோ மாற்றியதைப் பெருமாற்றமாகக் கருதி, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் மாற்றிய வண்டிக்கு அவ்விலக்கை மறுக்கிறார்கள். ரப்பரையும் ட்ரன்னியனையும் புதுப்பித்தவர் இந்தத் தொல்லைக்கு ஆளாவதில்லை. இவ்வளவு தெளிவான கோடொன்றை நம் நாட்டிலும் வரைந்தால் அபிமானிகளுக்கே நன்மை.

பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மைனர் நெடுங்காலம் வாடகைக் காராகவும் உழைத்த இலங்கையில், இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வேர் என்னும் மைனர் பிரியரின் முயற்சியோடு தொடர்புடைய பட்டறையொன்று இதன் உதிரி பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறது. ஒரு ஜோடி ட்ரன்னியனும் புஷ்களும் கிரீஸ் துப்பாக்கியும் சேர்ந்தாலும், நல்ல நீள்குழாய்க் கிட்டின் விலையை எட்டா. கிட்டுக்கு ஆர்டர் எழுத அமர்ந்திருக்கும் அன்பர், அதற்கு முன் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டை வைத்து, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்க்கட்டும்; அந்நேரம் இன்னொருவர் டார்ச் விளக்கோடு கிங் பின்னுக்கும் ட்ரன்னியனுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்த்திருக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால், எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது என்ற விவாதத்துக்கு இடமில்லை.