கொழுப்பு வரைந்த கோடு

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் நாங்கள் அதிகம் செய்த வேலை சடலத்திலிருந்து கொழுப்பு எடுப்பதுதான். ஃபார்மலின் நெடியில் கண் கரிக்க, ஃபோர்செப்ஸால் மஞ்சள் மஞ்சளாகக் கிள்ளி மேசைக்கடியில் இருக்கும் வாளியில் போடுவோம். நரம்பும் தமனியும் பளிச்சென்று தெரிந்தால்தான் டியூட்டர் தலையாட்டுவார். சிறுநீரகத்தைச் சுற்றி இருந்ததை எடுத்து முடிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அந்த வாளியில் எதைக் கொட்டினோம் என்று எனக்கு உறைக்க ஏழெட்டு வருடம் பிடித்தது.

ரேடியாலஜி மேற்படிப்பில் சேர்ந்த காலத்தில் சி.டி. படம் ஃபிலிமில்தான் வரும். ஒரு ஃபிலிமில் இருபது கட்டம், கட்டத்துக்கு ஒரு குறுக்குவெட்டு. ஒளிப்பெட்டியில் மாட்டினால் முதல் நாள் பார்க்கிறவனுக்கு அது சாம்பல் நிறத்தில் ஓர் அவியல். போதாக்குறைக்கு இடவலம் வேறு மாறிக் கிடக்கும். படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாகக் கணக்கு. அதனால் வலப்பக்கக் கல்லீரல் படத்தில் நமக்கு இடப்பக்கம் வரும். இது பழகிவிடும். பழகாதது அந்தச் சாம்பல்தான். சி.டி. கருவியைச் செய்த ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. கல்லீரல் 60ஐ ஒட்டி, மண்ணீரல் 50ஐ ஒட்டி, கணையம் 40 வாக்கில், சிறுநீரகம் 30 சொச்சம். எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள். இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் எது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் புகுந்து காப்பாற்றுவது கொழுப்பு. அதன் எண் −100ஐ ஒட்டியது. திரையில் கருப்பாக விழும். ஒவ்வொரு உறுப்பையும் சுற்றி அது கரிக்கோடு இழுத்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யின் டி1 படத்தில் அதே கொழுப்பு வெள்ளை வெளேரென்று வரும். அங்கே அது கோலமாவு.

கூறுபோட்டுக் கற்கும் உடற்கூறு ஒன்று, வெட்டுமுகத்தில் கற்கும் உடற்கூறு இன்னொன்று. முன்னது ஒரு பொருளை அக்கம்பக்கத்திலிருந்து பிரித்து எடுத்துக் காட்டும். பின்னது எதையும் பிரிப்பதில்லை. எது எதன் அண்டைவீடு என்பதுதான் அங்கே பாடம்.

இந்த வேறுபாட்டை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ருஷ்ய அறுவை மருத்துவர் நிகலாய் பிரகோவ். சடலத்தின் மார்பைத் திறந்ததும் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடுகிறது, உறுப்புகள் இடம் நகர்ந்துவிடுகின்றன. அப்படியானால் நாம் பார்ப்பது இருந்த இடத்தையா, விழுந்த இடத்தையா என்பது அவர் கேள்வி. பீட்டர்ஸ்பர்க் சந்தையில், பனியில் விறைத்த பன்றியை இறைச்சிக் கடைக்காரர் துண்டு போடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். ஊரின் குளிரையே கருவியாக்கிக்கொண்டார். உடலைக் கல்லாக உறையவைத்து, மரம் அறுப்பதுபோல ரம்பத்தால் மெல்லிய தட்டுகளாக அறுத்து, வெட்டுமுகத்தின் மேல் கட்டமிட்ட கண்ணாடியை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் தாளில் வரையச் செய்தார். 1852 முதல் 1859 வரை லத்தீன் விளக்கங்களோடு அந்தப் படநூல் வெளிவந்தது. மூன்று திசைகளிலும் அறுத்த படங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகள். அவற்றின் அச்சுப்பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் போவது உறுப்புகளின் மேல் அல்ல. இடுக்குகளைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள். அவர் எதையும் வாளியில் போடவில்லை.

இப்படிப்பட்ட வெட்டுமுகப் படங்களை அன்றாடம் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலான மருத்துவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரவில்லை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் அட்கின்ஸன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை சி.டி.யில் படமாகியது. கருவியைச் செய்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்ட் மருத்துவர் அல்ல; இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். அந்தப் படம் 80க்கு 80 கட்டம்தான். பிரகோவின் கண்ணாடிக் கட்டங்களை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பேராசிரியர் மதுரைக்காரர். ஃபிலிமில் தெரிவதன் பெயரைச் சொன்னால் மட்டும் விடமாட்டார்.

"என்னப்பா இந்த ரவுண்டு?"

"நோடு சார்."

"அடுத்த கட்டத்துல இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுக்கும் அடுத்ததுல?"

"அதுலயும் இருக்கு சார்... லேசா நகர்ந்திருக்கு."

"அப்ப எப்படிப்பா நோடு? வைகைன்னா போய்க்கிட்டே இருக்கும். கண்மாய்ன்னா கரை வந்துரும்."

குறுக்குவெட்டில் எல்லாமே வட்டம்தான். ரத்தக்குழாயும் வட்டம், நிணநீர்க்கணுவும் வட்டம், குடலும் வட்டம். ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு ஆணையிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. விடாமல் பின்தொடர வேண்டும். இன்று மவுஸின் சக்கரத்தை உருட்டினால் நூற்றுக்கணக்கான வெட்டுகள் சரசரவென்று ஓடுகின்றன. வட்டம் நீந்திப் போனால் ஆறு, சட்டென்று மறைந்தால் குளம்.

எனக்குப் பிடித்த இடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டம். ஊருக்கு ஊர் ஒரு முச்சந்தி இருக்குமே, அதுபோல உடம்புக்கு இது. எலும்புக்கு முன்னால் பெருந்தமனி. அதன் மார்பிலிருந்து கிளம்பிய எஸ்.எம்.ஏ. என்ற குடல்தமனி ஒரு சின்னப் பொட்டாக முன்னால் நிற்கும், சுற்றிலும் கொழுப்பின் கருவளையத்தோடு. அதன் வலத்தே துணைச்சிரை, சற்றே பெரிய பொட்டு. இவை இரண்டும் இடம் மாறி நின்றால் கருவில் குடல் சரியாகத் திரும்பவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். முன்னால் கணையம் வளைந்து போக, அதன் முதுகில் ஒட்டியபடி மண்ணீரல் சிரை ஓடிவந்து சேரும். சற்றுக் கீழே வந்தால், இடது சிறுநீரகச் சிரை தமனிகள் இரண்டுக்கும் நடுவே குனிந்து நுழைந்து மறுபக்கம் போவதைப் பார்க்கலாம். இதை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ, அந்தச் சிரை குனியும் இடத்தில் இன்னும் ஒரு நொடி நிற்கிறேன்.

எஸ்.எம்.ஏ.யைச் சுற்றிய அந்தக் கருவளையம் வெறும் அழகு இல்லை. கணையப் புற்றுநோயில் அறுவை மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான். வளையம் முழுசாக இருந்தால் நம்பிக்கை. கட்டி அந்தத் தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல் தழுவிவிட்டால் பொதுவாக நேரே கத்தி எடுக்கமாட்டார்கள். குடல்வால் அழற்சியும் அப்படியே. வலது அடிவயிற்றில் புழுப்போன்ற அந்த வாலைத் தேடிப் போகும்போது, அதைக் காணும் முன்பே சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருப்பது தெரிந்துவிடும். தெளிந்த கருப்பில் சாம்பல் இழைகள், மழைக்குப் பிறகு கலங்கின ஊருணி மாதிரி. (அமெரிக்காவில் 1994இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் தொகுப்பில், உறையவைத்த ஓர் ஆண் உடலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 வெட்டுகளாகப் படமெடுத்தார்கள். உலகத்துக்கே பாடநூலான அந்த உடலில் குடல்வால் கிடையாது. முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.)

மூளையில் கொழுப்பு இந்த வேலையைச் செய்வதில்லை. அங்கே கோடு போடுவது மூளையைச் சுற்றிய நீர். மூளையின் அடித்தளத்தில் அந்த நீர் தேங்குமிடம் குறுக்குவெட்டில் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கியவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மூளை வீங்கும்போது அந்த வெண்டைக்காய் நசுங்கி அழிகிறது. இரவு இரண்டு மணிக்கு விபத்துப் பிரிவிலிருந்து வரும் படத்தில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இன்றைய மாணவர்களுக்கு முப்பரிமாண வண்ணப் படங்கள் மேல் மோகம். சிவப்புத் தமனி, வெள்ளெலும்பு, சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். அறுவை மருத்துவருக்கு அதனால் பயன் உண்டு, மறுக்கவில்லை. எனக்கு அவை காலண்டர் படம் மாதிரிதான். கணினி அவற்றைச் செய்யத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கொழுப்பை நீக்கிவிடுகிறது. மறுபடியும் அதே வாளி.

குண்டான நோயாளியின் வயிறு படிக்கச் சுகமானது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் அறையில் அது தினசரிப் பேச்சு. கஷ்டம் ஒல்லியானவர்களிடம்தான். சில வருடங்களுக்கு முன் வயிற்றுக் காசநோயோடு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, முப்பத்தொரு கிலோ. திரையில் குடலும் கணுவும் சீழும் தசையும் ஒரே சாம்பலாகக் கரைந்து கிடந்தன. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இடமே இல்லை. மெலிந்துபோன உடம்பில் குடல்தமனி பின்னால் சாய்ந்து, இடையில் போகும் சிறுகுடலையே நசுக்குவது உண்டு. அதுவோ என்றுகூடத் தோன்றியது. குடிக்க மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி எடுத்துத்தான் சீழ்க்கட்டியின் எல்லையைப் பிடித்தோம்.

ஆறு மாத மாத்திரை முடிந்து திரும்ப வந்தாள். சக்கரத்தை உருட்டினேன். சிறுநீரகங்களைச் சுற்றி மெலிசாகக் கருப்பு விழுந்திருந்தது. எஸ்.எம்.ஏ.யைச் சுற்றி, பேனா முனையால் இழுத்ததுபோல் ஒரு வளையம். சிரை அதன் கீழே குனிந்து போனது. சீழ்க்கட்டியைக் காணோம். கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் அறிக்கையில் ஒரு வரி உண்டு. நலமாக இருக்கும் கொழுப்புக்கு வரி கிடையாது. சீழ்க்கட்டி கரைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.